பனங்கட்டையை மண் எப்படிப் பிடித்துக்கொள்கிறது?

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி என்றொரு நாடு. அங்கே பானி ஆற்றை ஒட்டிய வெள்ளச் சமவெளியில் ஜென்னே என்னும் பழைய ஊர் இருக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய மண் கட்டடங்களில் ஒன்றான ஜென்னே பெரிய பள்ளிவாசல் அந்த ஊரின் நடுவில் நிற்கிறது. இப்போது இருக்கும் கட்டடம் 1907ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. ஊரையே 1988இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் உடனே நினைவுக்கு வரும். சுவரெங்கும் முள்ளம்பன்றியின் முள்ளைப் போல வரிசை வரிசையாக மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளூரில் அவற்றை 'தோரோன்' என்கிறார்கள். அழகுக்காக வைத்ததுபோல் தெரியும். அழகும் உண்டுதான். ஆனால், ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்குமுன், ஊரே திரண்டு பள்ளிவாசலுக்குப் புது மண் பூசும். அந்த நாளில் கொத்தனார்களும் இளைஞர்களும் கூடைக் கூடையாகச் சேற்றைச் சுமந்துகொண்டு ஏணியில் ஏறுவார்கள். ஏணி எட்டாத இடத்தில் அவர்கள் காலூன்றுவது இந்தக் கட்டைகளில்தான். நடுக் கோபுரத்தின் உயரம் சுமார் 16 மீட்டர். நம் ஊரில் ஐந்து மாடி அடுக்குமாடி வீட்டின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த உயரத்தில், சேற்றில் வழுக்கும் காலோடு, ஒரு மனிதனின் உயிர் மண்ணுக்குள் செருகிய ஒரு கட்டையை நம்பி நிற்கிறது. சிமெண்டு கிடையாது, ஆணி கிடையாது, பசை கிடையாது. காய்ந்த சேறு மட்டும்தான். அது ஏன் விடுவதில்லை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டைகள் நமக்கு அந்நியமானவை அல்ல. ஆப்பிரிக்கப் பனை மரத்திலிருந்து வெட்டியவை அவை. நம் பனைக்கு அறிவியல் பெயர் பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர் என்றால் அதற்கு பொராசஸ் ஈதியோப்பம். ஒரே பேரினத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகள்.

ஈரம்தான் கயிறு

முதலில் மண்ணைப் பார்ப்போம். கட்டுமான மண்ணில் மணல், வண்டல், களி மூன்றும் கலந்திருக்கும். மணல் துகளைக் கண்ணால் பார்க்கலாம், ஏறத்தாழ 0.06 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். களித்துகள் அப்படியல்ல. ஒரு மில்லிமீட்டரை 500 துண்டாக்கினால் வருவது 2 மைக்ரோமீட்டர். களித்துகள் அதைவிடவும் சிறியது. அதோடு, மணலைப் போல உருண்டை இல்லை, தாள்தாளாகத் தட்டையானது.

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் நகர்த்தலாம், நேராகப் பிரிக்கப் படாதபாடு படவேண்டும். நடுவிலுள்ள தண்ணீரின் விளிம்பு உள்நோக்கி வளைந்திருக்கிறது. அதனால் அந்தத் தண்ணீரின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைகிறது. வெளிக்காற்று தகடுகளை இரண்டு பக்கமும் அழுத்துகிறது. களிமண்ணில் இப்படிக் கோடிக்கணக்கான தகடுகள், கோடிக்கணக்கான நீர்த்துளிகள். மண் காயக் காயத் தண்ணீர் மேலும் மேலும் குறுகிய இடுக்குகளுக்குள் ஒதுங்குகிறது. இடுக்கு சிறியதானால் வளைவு கூடும்; வளைவு கூடினால் இழுப்பு கூடும். மண் பொறியியலில் இதை உறிஞ்சு அழுத்தம் என்பார்கள்.

'காய்ந்த மண்சுவர்' என்று நாம் சொன்னாலும் அது முழுவதும் காய்ந்ததில்லை. காற்றிலுள்ள ஈரப்பதத்துக்கு ஏற்ப ஒரு துளி ஈரம் உள்ளே எப்போதும் தங்கியிருக்கும். சுவரைச் சுவராக வைத்திருப்பதில் அந்த ஈரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கடற்கரையில் மணல்கோட்டை கட்டியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். காய்ந்த மணலில் கோட்டை நிற்காது, அலை வந்து நனைத்தாலும் நிற்காது. இடைப்பட்ட ஈரத்தில்தான் நிற்கும்.

இறுக்கமும் விரிசலும்

துகள்கள் நெருங்கினால் மண்ணின் கன அளவு குறையும். அதாவது சுவர் சுருங்கும். அதற்குள் ஒரு கட்டை இருந்தால்? கட்டை சுருங்கவில்லை, மண் சுருங்குகிறது. விரலில் மோதிரம் இறுகுவதுபோல மண் கட்டையைச் சுற்றி இறுகுகிறது. இந்த இறுக்கம்தான் உராய்வுக்கு ஆதாரம். எளிய சூத்திரம்தான் இது: உராய்வு விசை என்பது அழுத்தும் விசையை உராய்வுக் கெழுவால் பெருக்குவது. யாரும் வெளியிலிருந்து அழுத்தவில்லை. காய்வதன் மூலம் மண்ணே அழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

அப்படியானால் களி அதிகமாக இருந்தால் பிடியும் அதிகமாக இருக்கவேண்டுமே? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மோதிரம் விரலை இறுக்கும்போது மோதிரத்தின் உலோகமும் இழுபடுகிறது. மண் வளையமும் அப்படித்தான். ஆனால், மண்ணுக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும். இழுவிசையைத் தாங்கத் தெரியாது. கட்டையைச் சுற்றிச் சூரியக் கதிரைப் போல விரிசல் விடும். விரிசல் விட்ட மோதிரம் இறுக்காது. பிடியும் போச்சு, மழைத் தண்ணீருக்கு வழியும் ஆச்சு.

அதனால்தான் எந்த நாட்டு மண் கொத்தனாரும் வெறும் களியில் வேலை செய்வதில்லை. மணல் சேர்ப்பார், மணல் சுருங்காது. வைக்கோல், உமி, மாட்டுச் சாணம் என்று ஏதாவது நார் சேர்ப்பார். ஜென்னேயில் பூச்சு மண்ணோடு நெல் உமியைக் கலந்து பல நாள் ஊறவைத்துப் புளிக்கவிடுகிறார்கள். நார் விரிசலைத் தடுத்துவிடுவதில்லை. ஒரு பெரிய விரிசல் வரவேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நூறு சிறு விரிசல்களாகப் பிரித்துவிடுகிறது.

இதிலும் பிடிதான் வேலை செய்கிறது. விரிசல் அகலவேண்டுமென்றால் அதன் குறுக்கே கிடக்கும் ஒவ்வொரு வைக்கோலும் மண்ணிலிருந்து உருவி வெளியே வரவேண்டும். உருவுவதை உராய்வு தடுக்கிறது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. பிடி என்பது குச்சியின் மேற்பரப்பைப் பொறுத்தது. ஒரு தடித்த குச்சியை எடுத்து, அதே மரத்தை அதே நீளத்தில் பாதி விட்டமுள்ள நான்கு குச்சிகளாக்குங்கள். மரத்தின் அளவு மாறவில்லை. மேற்பரப்போ இரண்டு மடங்கு ஆகிவிட்டது. மெல்லிய வைக்கோல் ஏன் தடித்த கழியைவிட விரிசலை நன்றாகக் கட்டுகிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

மரம் செய்யும் துரோகம்

மண்ணை மட்டும் குறை சொல்லக்கூடாது. மரமும் சும்மா இருப்பதில்லை. காய்ந்த மரக்கட்டையை ஈரச் சேற்றுக்குள் வைத்தால் அது தண்ணீரைக் குடித்து உப்பும். அப்போது சேறு இளகிய நிலையில் இருப்பதால் விலகி இடம்கொடுக்கும். பிறகு மண் காய்ந்து கெட்டியாகும். கட்டையும் காய்ந்து பழைய அளவுக்குத் திரும்பும். இப்போது கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. ஆட்டினால் ஆடும். பச்சை மரத்தை வைத்தால் இன்னும் மோசம். அது முதல்முறையாகச் சுருங்குவதே சுவருக்குள்தான். மரம் நீளவாக்கில் மிகக் குறைவாகவே சுருங்கும்; குறுக்குவாக்கில்தான் அதிகம். மண் பிடிக்கவேண்டிய திசையும் அதுவாகவே இருப்பது நம் துரதிர்ஷ்டம்.

எனவே, உராய்வை மட்டும் நம்பாதே என்பது மண் கொத்தனாரின் பாலபாடம். இங்கிலாந்தின் டெவன் வட்டாரம் 'கோப்' என்னும் மண்சுவர் வீடுகளுக்குப் பெயர்பெற்றது. கோப் சுவரில் கதவு நிலையைப் பொருத்த வேண்டிய இடத்தில் ஒரு மரத்துண்டைச் சுவர் எழும்பும்போதே புதைத்துவிடுகிறார்கள். அந்தத் துண்டு வழுவழுப்பாக இருக்காது. குறுக்குக் கட்டை அடித்திருப்பார்கள், அல்லது சுற்றிலும் ஆணிகளைப் பாதி மட்டும் அறைந்து விட்டிருப்பார்கள். இழுத்தால் அந்தக் குறுக்குக் கட்டை மண்ணை அழுத்தும். மண்ணுக்கு அழுத்தம் என்றால் கொண்டாட்டம். படகின் நங்கூரம் செய்யும் அதே வேலை. ஆங்கிலத்தில் இதற்கு 'டெட்மேன்', அதாவது செத்த ஆள் என்று பெயர். புதைத்து வைப்பதால் அப்படியொரு பெயர் போலிருக்கிறது!

கட்டி முடித்துக் காய்ந்த மண்சுவரில் ஆணி அடிக்க முயன்ற யாருக்கும் இதன் மறுபக்கம் தெரியும். ஆணி உள்ளே போகும்போதே சுற்றியுள்ள மண்ணை நொறுக்கிவிடுகிறது. நொறுங்கிய மண் பொடி. பொடிக்கு இறுக்கம் கிடையாது. ஒரு சட்டையை மாட்டினால் ஆணி லேசாக ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இன்னும் கொஞ்சம் பொடி உதிரும். ஒரு மாதத்தில் சட்டையும் ஆணியும் தரையில் கிடக்கும். மண்ணில் எதையும் ஈரமாக இருக்கும்போதே வைத்துவிடவேண்டும்.

கோபுரத்தில் நிற்பவரின் கணக்கு

இனி ஜென்னேக்குத் திரும்புவோம். கட்டையின் மேல் ஒருவர் நிற்கும்போது கட்டை உருவப்படுவதில்லை, நெம்பப்படுகிறது. வெளிமுனை கீழே போனால் உள்முனை மேலே எழும்பவேண்டும். அதை எழும்பவிடாமல் தடுப்பது எது?

எளிமைப்படுத்திக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவர் சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறார். சுவரின் தடிமன் 50 சென்டிமீட்டர். கட்டை அதன் முழுத் தடிமனுக்கும் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரின் வெளிவிளிம்புதான் நெம்புகோலின் சுழற்புள்ளி. வெளியே 60ஐ 40ஆல் பெருக்கினால் 2,400. உள்ளே, கட்டையின் மேலுள்ள மண்ணின் எடை சராசரியாக 25 சென்டிமீட்டர் தூரத்தில் அழுத்துகிறது. 2,400ஐ 25ஆல் வகுத்தால் 96. ஆக, கட்டையின் மேல் 96 கிலோ மண் உட்கார்ந்திருந்தால் போதும். பசை எதுவும் வேண்டாம்.

ஒரு கன மீட்டர் மண்சுவர் ஏறத்தாழ 1,700 கிலோ இருக்கும். கட்டையின் அகலம் 10 சென்டிமீட்டர் என்றால், அதற்கு நேர் மேலே ஒரு மீட்டர் உயரச் சுவரின் எடை 85 கிலோ. அதாவது, தலைக்கு மேல் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகச் சுவர் இருந்தாலே கட்டை நிலைத்துவிடும். உண்மையில் பக்கத்து மண்ணும் சேர்ந்து தாங்கும் என்பதால் நிலைமை இதைவிடச் சாதகம்தான்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு பயங்கரமும் தெரிகிறது. கீழ்வரிசைக் கட்டை பல மீட்டர் சுவரின் எடையைத் தலையில் தாங்கிப் பத்திரமாக இருக்கிறது. கோபுர உச்சியை ஒட்டிய கட்டைக்கு மேலே என்ன இருக்கிறது? கொஞ்சம் மண்தான். மிக உயரத்தில் நிற்பவர்தான் மிகக் குறைந்த எடையை நம்பி நிற்கிறார். அங்கே மண்ணின் இறுக்கமும் ஒட்டுதலும்தான் அவரைக் காக்கவேண்டும். மழை முதலில் நனைப்பதும் அந்த இடத்தைத்தான்.

2009 நவம்பர் 5

ஈரம் அளவோடு இருந்தால் கயிறு. அளவுக்கு மீறினால் அதே ஈரம் கயிற்றை அறுத்துவிடும். துகள்களுக்கு நடுவிலுள்ள இடுக்குகள் தண்ணீரால் நிரம்பிவிட்டால் வளைந்த விளிம்பு மறைந்துபோகிறது. இழுப்பு பூச்சியம். சிமெண்டில் நடப்பது வேதிவினை, கெட்டியானால் திரும்பாது. மண்ணில் நடப்பது இருவழிப் பாதை.

2009 நவம்பர் 5ஆம் தேதி ஜென்னேயில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தது. நம் நாட்டில் ஒரு பிற்பகல் மழையிலேயே இந்த அளவு கொட்டிவிடுவதுண்டு. அங்கே அது மழைக்காலம் முடிந்திருக்கவேண்டிய நேரம். பள்ளிவாசலின் தொழுகைத் திசைச் சுவரில் மூன்று பெரிய கோபுரங்கள் இருக்கின்றன. அவற்றில் தெற்குக் கோபுரத்தின் மேற்பகுதி இடிந்து விழுந்தது. பிறகு ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையின் நிதியுதவியோடு கோபுரம் மீண்டும் கட்டப்பட்டது.

திரும்பக் கட்ட முடிந்ததற்கும் அந்த இருவழிப் பாதையே உதவுகிறது. விழுந்த மண்ணை நனைத்தால் மறுபடியும் சேறு. கான்கிரீட் இடிபாட்டைக் கொண்டு இப்படிச் செய்யமுடியாது. ஆண்டுதோறும் ஊர் கூடிப் பூசும் புது மண்ணை மூடநம்பிக்கையோ வெறும் திருவிழாவோ என்று நினைத்துவிடக்கூடாது. உள்ளே இருக்கும் கட்டையின் பிடியைக் காக்கும் மழைக்கோட்டு அது.

மண்ணுக்குள் நாணலும் இரும்பும்

மண்ணுக்குள் ஒன்றைப் புதைத்து மண்ணைப் பலப்படுத்துவது மிகப் பழைய யோசனை. பாக்தாத் அருகே அகர் கூஃபில் 3,000 ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கும் மண்கோபுரத்தில், சில வரிசைச் செங்கலுக்கு ஒரு முறை நாணல் பாய் விரித்திருக்கிறார்கள். சீனாவில் துன்ஹுவாங் அருகே ஹான் காலத்துப் பெருஞ்சுவரில் மணலும் சரளையும் ஓர் அடுக்கு, நாணலும் செடிக்கிளையும் ஓர் அடுக்கு. நம் முன்னோர் வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவரும் இதே குடும்பம்தான்.

இதைக் கணக்கு வழக்கோடு பொறியியலாக்கியவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி விடால். 1963இல் காப்புரிமை பெற்றார். கடற்கரை மணல்மேட்டில் பைன் மரத்தின் ஊசி இலைகளை அடுக்கி விளையாடியபோது அவருக்கு இந்த யோசனை தோன்றியதாகச் சொல்வார்கள். அவர் களிமண்ணை விரும்பவில்லை. தண்ணீர் வடிந்துபோகும் மணற்பாங்கான மண்ணை எடுத்துக்கொண்டு, இலைக்குப் பதில் நீண்ட இரும்புப் பட்டைகளைப் படுக்கவைத்தார். இங்கே பிடியைக் கொடுப்பது ஈரம் அன்று. மேலிருக்கும் மண்ணின் எடை.

5 மீட்டர் ஆழத்தில் மண்ணின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோநியூட்டன். 5 சென்டிமீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு பட்டைக்கு மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சேர்த்து 0.4 சதுர மீட்டர் பரப்பு. உராய்வுக் கெழு 0.4 என்று வைத்தால், அதை உருவ 14 கிலோநியூட்டனுக்கு மேல் தேவை. ஒரு மைவி காரைத் தொங்கவிட்டாலும் அந்த ஒற்றைப் பட்டை வெளியே வராது.

அடுத்த முறை நெடுஞ்சாலையில் மேம்பாலம் ஏறும்போது பக்கச்சுவரைக் கவனியுங்கள். சிலுவை வடிவக் கான்கிரீட் பலகைகள் ஒன்றோடொன்று கோத்ததுபோல் இருந்தால் அது விடாலின் வாரிசாக இருக்கக்கூடும். பாரத்தைத் தாங்குவது பலகை அல்ல, பின்னால் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பட்டைகள். மலைச்சரிவை வெட்டிய சாலையோரங்களில் வரிசை வரிசையாகத் தெரியும் மண் ஆணிகளும் இந்த இனம்தான். அங்கே சரிவில் துளையிட்டு, இரும்புக் கம்பியைச் செருகி, சிமெண்டுக் குழம்பைச் செலுத்துகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் சரிவுகள் சரிவதற்கு ஜென்னே கோபுரத்தை விழவைத்த அதே உறிஞ்சு அழுத்த இழப்பு ஒரு முக்கியக் காரணம். சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். பொறியியல் படிக்க நினைக்கும் மாணவர்கள் 'மண் இயக்கவியல்' என்றால் சலிப்பூட்டும் பாடம் என்று ஒதுக்கிவிடவேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

சாத்தே குச்சியோடு ஒரு வாரம்

இதையெல்லாம் நம்பாமல் நீங்களே சோதிக்கலாம். அறிவியல் விழாவுக்கும் ஆகும். தேவை: செம்மண், மணல், காய்ந்த புல், காகிதக் கிண்ணங்கள், சாத்தே குச்சிகள்.

மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அதற்குக் கீழேயுள்ள மண்ணை எடுங்கள். மேல்மண்ணில் மட்கிய இலை அதிகம். நம் செம்மண்ணில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட் என்னும் களி. களி வகைகளில் அது குறைவாகச் சுருங்கும் சாது. முதல் கிண்ணத்தில் மண் மட்டும். இரண்டாவதில் மண்ணும் மணலும் சரிபாதி. மூன்றாவதில் அதோடு விரல்நீளம் நறுக்கிய புல். மூன்றிலும் ஒரே ஆழத்துக்குக் குச்சியை நேராக நடுங்கள். நிழலில் ஒரு வாரம் காயட்டும். வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் வெளிப்புறம் முந்திக்கொண்டு காய்ந்து விரிசல் விடும்.

காய்ந்தபின் காகிதத்தைக் கிழித்து எடுங்கள். மண்கட்டியைத் தலைகீழாக, இரண்டு மேசைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியில் வைத்தால் குச்சி கீழே தொங்கும். குச்சியின் முனையில் ஒட்டுநாடா சுற்றி ஒரு காலி பாட்டிலைக் கட்டுங்கள். தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. கீழே பழைய துணி விரித்து, காலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குச்சி உருவும் கணத்தில் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 3 சென்டிமீட்டர், 6 சென்டிமீட்டர் என்று ஆழத்தை மாற்றிப் பாருங்கள். பிடி இரண்டு மடங்காகிறதா? இன்னொரு குச்சியின் அடியில் சிறு குறுக்குத் துண்டைக் கட்டிப் புதைத்துப் பாருங்கள். அந்தக் குச்சி வெளியே வரும்போது தனியாக வராது, ஒரு மண்கட்டியையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

கடைசியாக ஒன்று. ஒரு மண்கட்டியை மட்டும் உடைக்காமல் வைத்திருங்கள். பாதி நிரம்பிய பாட்டில் அதில் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும்போது, குச்சி மண்ணுக்குள் நுழையும் இடத்தில் ஈரத்துணியை ஒற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.